எழுவாய் எங்கே?

நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்து என்னையே முறைத்துக் கொண்டிருக்கும் அன்பு நண்பர்களே! விழுப்புரத்துப் பெருமக்களே! மடியில் குழந்தை தூங்கிவிட்டது, எழுந்து போகலாமா, இந்தப் பேராசிரியர் பேச்சையும் கேட்டுவிட்டுப் போகலாமா என்று யோசித்துக் கொண்டிருக்கும் தாய்மார்களே!

அரசியல் மேடைச் சொற்கள் மக்களை விழிக்க வைத்தனவா, மயங்க வைத்தனவா? இதுதான் தலைப்பு. விழிக்க வைத்தன என்று பேச நான் வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மையார் மயக்கம், மயக்கம் என்று இருபது நிமிஷம் பேசினாங்க. பேசின வேகத்தில் முன்வரிசையில் இரண்டு பேர் நிஜமாகவே மயங்கிவிட்டார்கள். (சிரிப்பு)

அம்மையார் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. மேடைச் சொல்லில் காற்று நிறைய உண்டு. சுவரொட்டியைப் பாருங்கள், 'அலைகடலெனத் திரண்டு வாரீர்' என்று போட்டிருப்பான். விழுப்புரத்துக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம்? கடல் பார்க்க வேண்டுமானால் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குத்தான் போகணும். 'அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை' என்று செய்தியில் சொல்கிறார்கள். அசம்பாவிதம் என்றால் வடமொழியில் என்ன பொருள்? நடக்க முடியாதது! நடக்க முடியாதது நடக்கவில்லை என்று சொல்வதற்கு ஒரு அதிகாரி வேண்டுமா? 'கழகம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். திருக்குறளில் கழகம் என்றால் சூதாடுகிற இடம். பின்னால் கம்பன் காலத்தில் கற்றோர் கூடும் அவையாக உயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் கட்சிக்குப் பெயராச்சு, அப்புறம் பஸ்ஸுக்கும் பெயராச்சு. இதில் எந்தப் பொருளில் யார் வைத்துக் கொண்டார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் இன்றைக்கு ராத்திரி பஸ்ஸில்தான் ஊருக்குப் போகணும். (கைதட்டல்)

ஆனால் ஒன்று கேட்கிறேன். சொல் வெறும் மயக்க மருந்து என்றால், அதை மாற்றுவதற்காக ஏன் இத்தனை பேர் போராடினார்கள்? ஒரு காலத்தில் தேர்தலில் நிற்கிறவருக்கு 'அபேட்சகர்' என்று பெயர். கூட்டத் தலைவர் 'அக்கிராசனர்'. கேட்கிற மக்கள் 'மகாஜனங்கள்'. மகாஜனங்களுக்கு இதில் பாதி புரியாது. அபேட்சை என்றால் விருப்பம். அதைத் தமிழில் 'வேட்பாளர்' ஆக்கினார்கள். வேட்பு என்றாலும் விருப்பம்தான், வேண்டிக் கேட்பதுதான். அப்படிச் சொன்னதும் கூரை வீட்டுக் கிழவிக்குப் புரிந்துவிட்டது. 'ஓகோ, இவன் என்கிட்ட வேண்டிக்கிட்டு வந்து நிக்கிறவன்!' அபேட்சகர் என்று சொன்னவரைக்கும் அவர் பெரிய ஆள். வேட்பாளர் என்று சொன்னதும் கேட்டு நிற்கிறவர் ஆகிவிட்டார். நாம் கொடுப்பது வாக்கு. அவர் கொடுப்பது வாக்குறுதி. நம்ம வாக்கு பெட்டியில் விழுந்ததும் எண்ணப்படும். அவர் வாக்குறுதியை யார் எண்ணுவது? அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜார்ஜ் ஆர்வெல் என்று ஒரு ஆங்கில எழுத்தாளர். இளமையில் பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். அரசியலும் ஆங்கில மொழியும் என்ற பொருளில் 1946-ல் ஒரு கட்டுரை எழுதினார். பாதுகாப்பில்லாத கிராமத்தின் மேல் குண்டு போடுகிறார்கள், குடிசைகள் எரிகின்றன, ஜனங்கள் ஓடுகிறார்கள். அதற்கு 'அமைதிப்படுத்தல்' என்று பெயர் வைக்கிறார்கள் என்று அவர் சொன்னார். நான் தமிழ் வாத்தியார். இதை இலக்கணத்தில் சொன்னால் ஒரே வரிதான். எழுவாய் காணாமல் போகிறது! 'துப்பாக்கிச் சூடு நடந்தது.' நடந்தது சரி, யார் சுட்டது? 'தடியடி நடத்தப்பட்டது.' யாரால்? மாணவன் விடைத்தாளில் இப்படி எழுதினால் ஓரத்தில் சிவப்பு மையால் 'எழுவாய் எங்கே?' என்று எழுதுவேன். அதே கேள்வியை அரசியல் சொல்லைப் பார்த்து இந்த மண் கேட்டிருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

திண்டிவனம் என்றால் என்ன? திந்திரிணி வனம். திந்திரிணி என்றால் புளி. புளியங்காடு என்று நேராகச் சொல்லலாம். அந்தத் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓமந்தூர். அங்கே பிறந்த விவசாயி ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அன்றைக்கு முதலமைச்சருக்குப் பிரதமர் என்றுதான் பெயர். இதுவும் ஒரு சொல்தான். அரசு வேலையை வகுப்புவாரியாகப் பங்கிடும் ஆணை 1927-லிருந்தே இருந்தது. மொத்தம் 12 இடம். பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1.

இதில் 'பிராமணரல்லாதார்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நீ யார் என்று கேட்டால், நான் யார் இல்லையோ அதைச் சொல்கிறேன் என்கிற சொல்! அந்தச் சொல்லுக்குள் ஜமீன்தாரும் இருந்தார், அவர் நிலத்தில் ஏர் ஓட்டியவனும் இருந்தான். 5 இடமும் யாருக்குப் போயிருக்கும்? பள்ளிக்கூடம் போனவனுக்குத்தானே போகும்! அதனால் ஓமந்தூரார் ஆட்சியில் 1947 நவம்பரில் ஆணையைத் திருத்தினார்கள். மொத்தம் 14 இடம். பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்குத் தனியே 2. பிராமணருக்கு 2, அரிஜனங்களுக்கு 2, கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிமுக்கு 1. 'பிற்பட்ட' என்ற ஒரு அடைமொழி புதிதாக வந்தது, அதற்குப் பின்னால் இரண்டு நாற்காலி வந்தது. இதற்குத்தான் அவரைத் 'தாடியில்லாத ராமசாமி' என்று பிடிக்காதவர்கள் கேலி பேசினார்கள் என்று சொல்வார்கள். தாடியுள்ள ராமசாமி யார் என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு அரசியல் சட்டம் வந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழகத்தில் பெரிய கிளர்ச்சி. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அரசியல் சட்டத்துக்கே முதல் திருத்தம் வந்தது. புதிய சட்டத்துக்கு இரண்டு வயசு கூட முடியவில்லை!

அடுத்த வருஷம் பொதுத் தேர்தல். தென்னாற்காட்டில் எஸ்.எஸ். ராமசாமிப் படையாட்சியார் ஒரு கட்சி நடத்தினார். சாதிப் பெயர் கிடையாது. 'தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி.' வடாற்காடு, செங்கற்பட்டுப் பக்கம் மாணிக்கவேலு நாயக்கர் 'காமன்வீல் கட்சி'. பொதுநலம் என்று அர்த்தம். உழைப்பாளர் கட்சிக்குச் சட்டமன்றத்தில் 19 இடம், காமன்வீலுக்கு 6. இரண்டுக்கும் ஆதாரம் பெரும்பாலும் வன்னியர் வாக்குதான். பெயரில் உழைப்பு, வாக்கில் சாதி. எதிரணி நண்பர் கையைத் தூக்குகிறார், 'பாருங்க, மயக்கம்!' என்கிறார். கொஞ்சம் பொறுங்க ஐயா. காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மாணிக்கவேலு நாயக்கர் 1952-ல் ராஜாஜி அமைச்சரவைக்குப் போனார், படையாட்சியார் 1954-ல் காமராஜர் அமைச்சரவைக்குப் போனார். கட்சி கலைந்தது. உழைப்பாளர் என்ற சொல்லும் கூடவே கலைந்தது. தலைவருக்கு நாற்காலி வந்தது; சொல்லை நம்பி வாக்களித்த உழவனுக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. இந்த ஒரு வரவை அம்மையார் கணக்கில் எழுதிக் கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்போது நான் வெகுநாளாக ரசிக்கிற ஒரு சொல்லுக்கு வருகிறேன். 'பிற்பட்டோர்', 'பிற்படுத்தப்பட்டோர்'. இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்போம். ஒன்றே இல்லை! பிற்பட்டான் என்றால் தன்வினை. அவனே பின்தங்கிவிட்டான், சோம்பேறி, படிக்கவில்லை, என்ன செய்வது? பிற்படுத்தினான் என்றால் பிறவினை. பிற்படுத்தப்பட்டான் என்றால் செயப்பாட்டுவினை. யாரோ அவனைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள்! தாழ்ந்தவன், தாழ்த்தப்பட்டவன் என்பதும் இப்படித்தான். ஆங்கிலத்தில் 'பேக்வர்ட்' என்கிறான். அந்தச் சொல்லில் தள்ளினவனுக்கு இடமே கிடையாது. மொழிபெயர்க்கும்போது தமிழன் 'படுத்த' என்று ஒரு துண்டைச் சேர்த்தான். 'துப்பாக்கிச் சூடு நடந்தது' என்ற வாக்கியம் எழுவாயை ஒளித்து வைக்கிறது. 'பிற்படுத்தப்பட்டோர்' என்ற சொல்லோ, எழுவாய் எங்கே, எழுவாய் எங்கே என்று தேட வைக்கிறது. இலக்கணம் ஒன்றுதான், செய்கிற வேலை இரண்டு. 'எழுவாய்' என்பதற்கு, எழுந்திரு என்றும் ஒரு பொருள் இருக்கிறது பாருங்கள். (கைதட்டல்)

1969-ல் சட்டநாதன் தலைமையில் பிற்படுத்தப்பட்டோர் குழு அமைத்தார்கள். 1970-ல் அறிக்கை வந்தது. பிற்படுத்தப்பட்டவர்களுக்குள்ளேயே முந்தினவர்கள் பங்கை எடுத்துக் கொள்கிறார்கள், கடைசியில் நிற்கிறவர்களுக்கு 'மிகவும் பிற்படுத்தப்பட்டோர்' என்று தனிப் பங்கு வேண்டும் என்று குழு சொன்னது. அரசு என்ன செய்தது? மொத்தப் பங்கை 25-லிருந்து 31 சதவீதம் ஆக்கியது. 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதை 50 சதவீதம் ஆக்கியது. ஆனால் அந்த 'மிகவும்' மட்டும் அலமாரியிலேயே கிடந்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, 19 வருஷம்! நம்ம வீட்டில் கல்யாணப் பட்டுப்புடவை கூட வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வந்து காற்று வாங்கும். 'மிகவும்' வரவில்லை.

அதை வெளியே எடுத்த சொல் 'மறியல்'. மறி என்றால் தடு. இலங்கைத் தமிழில் மறியல் என்றால் சிறைக்காவல். விசாரணைக் கைதியை 'விளக்கமறியலில்' வைத்தார்கள் என்று அங்கே பத்திரிகையில் போடுவார்கள். அங்கே அரசு மனிதனைத் தடுத்தால் மறியல். இங்கே மனிதன் அரசைத் தடுத்தால் மறியல்! 1980-ல் டாக்டர் ராமதாஸ் முன்னின்று தொடங்கிய வன்னியர் சங்கம், மாநிலத்தில் 20 சதவீதம், மத்தியில் 2 சதவீதம் என்று கேட்டது. 1987 செப்டம்பர் 17, பெரியார் பிறந்த நாள், அன்றைக்கு ஒரு வார சாலை மறியல் ஆரம்பம். சென்னையிலிருந்து திருச்சி போகிற பெருஞ்சாலை, நம்ம திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் வழியாகப் போகிற சாலை, நின்றுபோனது. சாலையோர மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. பார்த்தீர்களா, நானும் 'சாய்க்கப்பட்டன' என்கிறேன்! மறியல் செய்தவர்கள் சாய்த்தார்கள். அதிலிருந்து 'மரம்வெட்டி' என்று ஒரு வசைச்சொல் பிறந்தது. பல வருஷம் நின்றது. அந்த அமைப்பினரே பின்னால் 'பசுமைத் தாயகம்' என்று பெயர் வைத்து மரம் நட்டார்கள். ஒரு சொல்லை அழிக்க எத்தனை கன்று நட வேண்டியிருக்கிறது!

மரத்தை மட்டுமே பேசிவிட்டுப் போக முடியாது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் தாக்குதலிலும் 21 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள், சின்ன விவசாயிகள். சித்தணி, பாப்பனப்பட்டுப் பக்கம் போனால் இன்றும் செப்டம்பர் 17-ல் நினைவுத்தூணுக்கு மாலை போடுவதைப் பார்க்கலாம். 1989 மார்ச்சில் கலைஞர் ஆட்சி ஆணை போட்டது. 50 சதவீதத்தில் 20 சதவீதம் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும். கேட்டது ஒரு சாதிக்கு. கிடைத்தது நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகளுக்குச் சேர்த்து. குறை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பெயரே தெரியாத சின்னச் சாதிப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த 'மிகவும்' என்ற நான்கெழுத்தைப் பிடித்துக்கொண்டு மருத்துவக் கல்லூரிக்குள்ளும் பொறியியல் கல்லூரிக்குள்ளும் போனார்கள். மயக்கிய சொல் என்றால் இவர்கள் எப்படி விழித்தார்கள் அம்மா?

எண்ணைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். அண்ணாவின் கெட்டிக்காரத்தனம் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. லட்சியம் என்றால் கேட்க முடியாது, நிச்சயம் என்றால் கேட்கலாம். ஜனங்களும் நிச்சயத்தைத்தான் கேட்டார்கள். ஒரு படித் திட்டம் அதே ஆண்டு சென்னையிலும் கோவையிலும் வந்தது. பணம் போதாமல் மாநிலம் முழுக்கப் போகவில்லை. வரவில்லையே என்று விழுப்புரத்துக்காரன் கேட்க முடிந்ததற்குக் காரணம் அந்த 'ஒரு' என்கிற எண்தான்.

இனி நான் சொல்லப் போவது என் அணிக்குச் சாதகம் இல்லை. ஆனாலும் இந்த ஊர் மேடையில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் போனால் நாளைக்கு வகுப்பில் எழுவாய், பயனிலை நடத்த முடியாது. 1978 ஜூலை மாதம் இதே விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அதற்கு என்ன பெயர் நிலைத்தது? 'விழுப்புரம் கலவரம்.' கலவரம் என்றால் என்ன அர்த்தம்? கலக்கம், குழப்பம், யாரும் யாரையும் அடிக்கலாம், அப்படித்தானே? இரண்டு பக்கமும் சரிசமமாக நின்று மோதின மாதிரி ஒரு தோற்றம் அந்தச் சொல்லில் இருக்கிறது. செத்த 12 பேரும் ஒரே பக்கம். அப்புறம் அது எப்படிக் கலவரம்? 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டதைக் கூலித் தகராறு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 1987 மறியல் நாட்களில் சாலையில் இறந்தவர்களைப் பற்றிப் பேசுகிறோம். அதே நாட்களில் சேரிக் குடிசைகளும் எரிந்தன. 'ஒடுக்கப்பட்டோர்' என்று மேடையில் இருவரையும் ஒரே சொல்லில் சேர்த்துச் சொல்கிறோம். ஊரும் சேரியும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றாக உட்கார்ந்ததா என்றால், இல்லை.

அங்கேயும் சொல்லை மாற்றித்தான் வழி தேடினார்கள். 1922-ல் எம்.சி. ராஜா முயற்சியால், இழிவாகச் சொல்லப்பட்ட பழைய பெயருக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறியது. அதற்கு முன்பே, 1893-ல், இரட்டைமலை சீனிவாசன் எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அந்தப் பெயரையே தன் பத்திரிகைக்கு வைத்தார். 'பறையன்' என்பது பத்திரிகையின் பெயர். ஒருவர் சொல்லைக் கழற்றி எறிந்தார், ஒருவர் அதையே எடுத்து நெற்றியில் வைத்துக் கொண்டார். இரண்டு பேருமே மயங்கினவர்கள் இல்லை.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. நம்ம மாவட்டத்துக்கு 1993 செப்டம்பர் 30-ல் பிரிந்தபோது என்ன பெயர்? விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம். நம்ம பஸ்ஸுக்கு? தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். 1997-ல் தென்மாவட்டத்தில் ஒரு புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சில பேர். உயிர்கள் போயின. ஜூலை மாதம் அரசு முடிவெடுத்தது. எல்லா மாவட்டத்திலும், எல்லாப் பஸ்ஸிலும் தலைவர் பெயர்களை எடுத்துவிட்டார்கள். சாதி கூடாது என்று ஆயுள் முழுக்கப் பேசினவர் பெரியார். சாதிச் சண்டை காரணமாக அவர் பெயர் பஸ்ஸிலிருந்து இறங்கியது. டிக்கெட் வாங்காமல் ஏறினவர்களை இறக்குவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு தவறும் செய்யாதவரை இறக்கி விட்டது அப்போதுதான். (சிரிப்பு)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். முடிக்கிறேன் ஐயா. 2021 பிப்ரவரியில் 20 சதவீதத்துக்குள் வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று சட்டம் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உள் ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் இந்த அளவு தருவதற்குப் புதிய, போதுமான தரவு எங்கே என்று கேட்டது. 2025 ஜனவரியில் இதே விழுப்புரத்தில் வழுதரெட்டியில் அந்த 21 பேருக்கும் மணிமண்டபம் திறந்தார்கள். 'சமூகநீதிப் போராளிகள்' என்று அங்கே பெயர். 1987-ல் சட்டம் ஒழுங்குக் கணக்கில் எழுதப்பட்டவர்கள் 38 வருஷத்தில் இந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தரவு கேட்டார்கள் இல்லையா? சாதிவாரியாக முழுசாக எண்ணி வெளியிட்டது 1931-ல்தான். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் எண்ணுவோம் என்று 2025 ஏப்ரல் 30-ல் மத்திய அரசு அறிவித்தது. 1931-ல் வாசலில் வந்து கேட்டவரிடம் நம்ம தாத்தா ஒரு சொல் சொல்லியிருப்பார். 2027 கணக்கெடுப்பில் வந்து கேட்கும்போது பேத்தி வாசலுக்கு வருவாள். அவள் என்ன சொல் சொல்லப் போகிறாள், யாரும் சொல்லிக் கொடுத்தா, தானே யோசித்தா என்று எதிரணித் தோழர்கள் தங்கள் வாசலில் நின்று கேட்டுப் பார்க்கட்டும். மணி அடித்துவிட்டது. (கைதட்டல்)